கிராம சபைக்கு வந்த மூன்று சால்வைகள்

ஊர் ஊராகப் போய் வந்தவர்கள் எழுத வேண்டிய இடத்தில் நான் எழுதுகிறேன். நான் போனது ஒரே நாள். எங்கள் ஊரிலிருந்து மாமல்லபுரம், மாமல்லபுரத்திலிருந்து திரும்ப எங்கள் ஊர். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். மகளிர் குழுவில்கூட என் முறை வந்தால் பக்கத்தில் இருப்பவரைப் பேசச் சொல்லிவிடுவேன். எங்கள் பகுதிப் பெண் உறுப்பினர்களுக்காக வரும் இதழுக்கு இதை எழுதித் தரச் சொன்னபோது இரண்டு முறை முடியாது என்றேன். மூன்றாவது முறை மறுக்கக் கூச்சமாக இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன். படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஊரின் பெயரை எழுதவில்லை. செய்யூர் வட்டத்தில் ஓர் ஊராட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைவரின் பெயரையும் எழுதவில்லை. அவர் இன்னும் தலைவராக இருக்கிறார். நான் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறேன்.

நான் வார்டு உறுப்பினர். எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது தெருவில் எல்லோரும் சேர்ந்து என்னை நிறுத்தினார்கள். 'ஸ்டெல்லா யாரோடும் சண்டைக்குப் போகமாட்டாள்' என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். எங்களுக்குப் பயிற்சி கொடுக்கும் தொண்டு நிறுவனத்திலிருந்து செப்டம்பர் கடைசியில் போன் வந்தது. ஐரோப்பாவிலிருந்து மூன்று பேர் வந்திருக்கிறார்கள். ஊர் நிர்வாகத்தில் மக்கள் எப்படிப் பங்கெடுக்கிறார்கள் என்று ஒவ்வொரு நாட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் குழு. அக்டோபர் இரண்டாம் தேதி உங்கள் கிராம சபையைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள், மாமல்லபுரம் வந்து அழைத்துப் போக முடியுமா என்று கேட்டார்கள். சரி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தபின் ஏன் ஒத்துக்கொண்டோம் என்று இருந்தது.

காரணம் வெளிநாட்டுக்காரர்கள் இல்லை. எங்கள் ஊராட்சியைப் பக்கத்துப் பேரூராட்சியோடு சேர்க்கப்போவதாக நான்கு மாதமாகப் பேச்சு. சேர்த்துவிட்டால் நூறு நாள் வேலை கிடையாது. எங்கள் தெருவில் ஆண்கள் கட்டட வேலைக்கும் கம்பெனிக் காவலுக்கும் போகிறார்கள். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு நூறு நாள் வேலை மட்டும்தான் கைச்செலவுக்கு வழி. கிராம சபையும் கிடையாது. ஊர் கூடி உட்கார்ந்து கேட்கும் இடமே போய்விடும். தலைவருக்குச் சேர்வதில் விருப்பம். அவருடைய அண்ணன் பிளாட் போட்டு விற்கிறார். பேரூராட்சி என்றால் விலை ஏறும். அன்றைய சபையில் தீர்மானங்கள் முடிந்து கடைசியாக 'இதர பொருள்' வரும்போது எழுந்து, சேர்க்க வேண்டாம் என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். தெருப் பெண்கள் எனக்கு இட்ட வேலை அது.

காலை ஐந்தரை. ஊரிலிருந்து கூவத்தூருக்கு முதல் டவுன் பஸ். பெண்களுக்கு இலவசம். கூவத்தூரில் இறங்கிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாண்டிச்சேரிப் பக்கமிருந்து வந்த பஸ்ஸில் ஏறினேன். முப்பத்தைந்து ரூபாய் டிக்கெட். ஜன்னலோரம் இடம் கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை. உதட்டுக்குள் என் வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள், "ஜெபம் பண்றியாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அந்த பஸ் மாமல்லபுரம் ஊருக்குள் போகாது. பூஞ்சேரி கூட்ரோட்டில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய் கொடுத்து மாமல்லபுரம் பேருந்து நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏழு மணி ஆகிவிட்டது. சிற்பக் கூடங்களில் அதற்குள் மெஷின் ஓடத் தொடங்கியிருந்தது. தெருவெல்லாம் கல்தூசி. அவர்கள் தங்கியிருந்த விடுதி கடற்கரைக்குப் போகும் சந்தில் இருந்தது. வாசலில் வெள்ளை வேன் ஒன்று நின்றது. டிரைவர் டயரைக் காலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கதான் மெம்பரம்மாவா? நான் ஏழுமலை, திருப்போரூரு. உள்ள போங்க, நாஸ்தா துன்னுகினு கீறாங்க. ஒருத்தரு மட்டும் துன்னல. நேத்து பீச்சுல மீன் வறுவல் துன்னாரு. நைட்டெல்லாம் பேஜாரு."

உள்ளே மொழிபெயர்ப்பாளர் வினோதினி எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்பாக்கம் டவுன்ஷிப்பில் வளர்ந்த பெண். அப்பா அணு ஆராய்ச்சி மையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். மூவரையும் அறிமுகப்படுத்தினாள். ரெகுலா, சுவிட்சர்லாந்து, அறுபது வயதுக்கு மேல் இருக்கும், ஆண்பிள்ளைபோல வெட்டிய நரைமுடி. மாரெக், போலந்து; பெரிய உடம்பு, ஊரில் விவசாயம். மீன் வறுவல்காரர் யென்ஸ், டென்மார்க். அவர் முன்னால் பிளாக் டீ மட்டும் இருந்தது.

யென்ஸ் தன்னால் வர முடியாததற்கு மன்னிப்புக் கேட்டார். அதனால் தன் ஊரைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன் என்றார். அவர் ஊரில் நகர மன்றக் கூட்டம் தொடங்குவதற்கு முன் பொதுமக்கள் எழுந்து கேள்வி கேட்க நேரம் ஒதுக்குவார்களாம். வெளிநாட்டிலிருந்து வந்து சில வருடம் குடியிருந்தவருக்குக்கூட உள்ளாட்சி ஓட்டு உண்டாம்.

"முன்னால் சைக்கிளில் போய் ஒரு கேள்வி கேட்டுவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புவேன். பிறகு பல ஊர்களைச் சேர்த்துப் பெரிய நகராட்சி ஆக்கினார்கள். இப்போது மன்றம் முப்பது கிலோமீட்டர் தள்ளி. கேள்வி நேரம் இன்னும் இருக்கிறது. நான்தான் போவதில்லை."

வினோதினி இதைத் தமிழில் சொன்னபோது கையில் எடுத்த இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். எங்கள் ஊரிலும் அதுதான் பேச்சு என்று சொல்ல நினைத்தேன். மூன்று பேர் ஒரே நேரத்தில் என் முகத்தைப் பார்த்தார்கள். தண்ணீர் குடித்தேன்.

எட்டரைக்கு வேன் கிளம்பியது. யென்ஸ் வாசலில் நின்று கை அசைத்தார். சதுரங்கப்பட்டினம், புதுப்பட்டினம் என்று ஊர்கள் பின்னால் போயின. சாலையின் இரு பக்கமும் சவுக்குத் தோப்பு, நடுநடுவே பிளாட் கொடிகள். யென்ஸ் சொன்ன ஓட்டுக் கதையை வினோதினி டிரைவருக்குச் சொன்னாள்.

"அப்ப நான் போய் நாலு வருசம் அங்க வண்டி ஓட்டுனா எனக்கும் ஓட்டா?" என்றார் ஏழுமலை. "இங்க என் பேரு லிஸ்ட்லேர்ந்து போயி ரெண்டு எலெக்சன் ஆச்சு, அலைஞ்சிகினு கீறேன்."

பாலாற்றுப் பாலத்துக்கு முன் டீக்கடையில் நிறுத்தினோம். டீ பன்னிரண்டு ரூபாய். மாரெக் மூன்று குடித்தார். அவர் தன் ஊருக்குத் தலைவர் மாதிரி. மாதிரி என்று ஏன் சொல்கிறேன் என்றால், பெரிய ஊராட்சிக்குள் சின்னச் சின்ன கிராமங்கள். ஒவ்வொரு கிராமத்துக்கும் மக்கள் கூடி ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். வருடத்துக்கு ஒரு சிறு தொகை அந்தக் கிராமத்துக்கென்று ஒதுக்கப்படும். எதற்குச் செலவிடுவது என்று ஊர்க் கூட்டம் முடிவு செய்யும். போன முறை பஸ் நிறுத்தத்துக்குக் கூரை போட்டார்களாம்.

"கூட்டத்துக்கு எல்லாரும் வருவாங்களா?" என்று கேட்டேன். அன்று நான் தானாகக் கேட்ட முதல் கேள்வி.

மாரெக் சிரித்தார். "ஆறு மணிக்குக் கூட்டம் என்று அறிவிப்போம். போதிய ஆள் இல்லாவிட்டால் ஆறே காலுக்கு இரண்டாவது கூட்டம். அப்போது எத்தனை பேர் இருந்தாலும் செல்லும். அதனால் எல்லோரும் ஆறே காலுக்குத்தான் வருவார்கள். நிலவரியும் நான்தான் வீடு வீடாக வாங்க வேண்டும். என்னைக் கண்டால் நாய்கூடக் குரைக்கும்."

ரெகுலா சிரிக்கவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று வினோதினி மூலம் கேட்டார்.

எனக்கு எப்படித் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. முன்பின் தெரியாதவர், இரண்டு நாளில் ஊருக்குப் போய்விடுவார் என்பதாலோ என்னவோ, பேரூராட்சி விஷயத்தைச் சொல்லிவிட்டேன். நான் எழுந்து பேச வேண்டியதையும் சொன்னேன்.

ரெகுலா டம்ளரைக் கீழே வைத்தார். அவர் ஊரில் ஆயிரம் பேருக்கும் குறைவு. வரி எவ்வளவு, பள்ளிக்கு எவ்வளவு என்று எல்லாவற்றையும் ஊர் மக்களே ஒரு கூடத்தில் கூடிக் கை தூக்கி முடிவு செய்கிறார்கள். கையை எண்ணுவதற்கென்றே ஆட்கள் உண்டு. வாக்கில்லாத விருந்தாளிகளைத் தனி வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். அவர் ஊரையும் பக்கத்து ஊரோடு சேர்க்கும் பேச்சு வந்தது. அங்கே இரண்டு ஊரும் தனித்தனியே வாக்களித்து ஒத்துக்கொண்டால்தான் சேர்க்கலாம்.

"என் தங்கையின் கணவர்தான் அப்போது ஊர்த் தலைவர். அவர் சேர வேண்டும் என்றார். நான் வேண்டாம் என்று கை தூக்கினேன். அவர் மேடையிலிருந்து என்னைப் பார்த்தார். ஒரு வருடத்துக்கு மேல் என்னோடு பேசவில்லை. கிறிஸ்துமஸுக்கு நான் தனியாகச் சாப்பிட்டேன்."

"கை தூக்குனா எல்லாருக்கும் தெரிஞ்சிடுதே. சீட்டுல எழுதிப் போடக் கூடாதா?"

"போடலாம். போதிய பேர் கேட்டால் ரகசிய வாக்கு வைப்பார்கள்." என்றார் ரெகுலா. "ஆனால் ரகசிய வாக்கு வேண்டும் என்று கேட்பதற்கும் கை தூக்கித்தான் ஆக வேண்டும்."

ஏழுமலை வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கேயும் பயம் இருக்கிறது என்பது ஒரு பக்கம் ஆறுதலாகவும், இன்னொரு பக்கம் அதிகக் கலக்கமாகவும் இருந்தது. அவ்வளவு பணக்கார தேசத்திலேயே இப்படி என்றால் நாங்கள் எம்மாத்திரம்?

வேன் பாலத்தில் ஏறியது. ஆற்றில் தண்ணீர் அங்கங்கே குட்டையாக நின்றது. தன் அம்மா கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற பிறகுதான் சுவிட்சர்லாந்தில் பெண்களுக்கு ஓட்டு வந்தது என்று ரெகுலா சொன்னார். முதலில் வினோதினி தப்பாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். நம் நாட்டில் முதல் தேர்தலிலிருந்தே பெண்கள் ஓட்டுப் போடுகிறோம். ஓட்டு இருந்தது, இடஒதுக்கீடும் வந்தது. எழுந்து நிற்கத்தான் எனக்கு இன்னும் கால் வரவில்லை.

பத்தரைக்கு ஊர். தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே சாமியானா போட்டிருந்தார்கள். எங்கள் தெருப் பெண்கள் முன்னாலேயே வந்து தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள் என்பதால் வழக்கத்தைவிடக் கூட்டம். வேனிலிருந்து இறங்கியதும் அஞ்சலை வந்து என் முழங்கையை இடித்தாள். வயதில் என்னைவிட இரண்டு வருடம் மூத்தவள், வாயில் இருபது வருடம் மூத்தவள்.

"இன்னாடி, காருல வந்து எறங்குற? அவங்க ஊர்ல நூறு நாள் வேல கீதான்னு கேளு."

வினோதினி கேட்டாள். இல்லை என்றார் மாரெக்.

"பாவம்" என்றாள் அஞ்சலை.

பதினோரு மணிக்குச் சபை தொடங்கியது. ஒன்றிய அலுவலகத்திலிருந்து பார்வையாளராக ஓர் அதிகாரி வந்திருந்தார். அவரைப் பற்றாளர் என்போம். தலைவர், பற்றாளர், ஊராட்சி செயலர் மூவரும் மேசைக்குப் பின்னால். ரெகுலாவுக்கும் மாரெக்குக்கும் முன்வரிசையில் நாற்காலி. என்னையும் வினோதினியையும் அவர்கள் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்.

எங்கள் சபையில் தீர்மானம் எப்படி நிறைவேறும் என்று இங்கே சொல்ல வேண்டும். செயலர் மைக்கில் வாசிப்பார். முடித்ததும் முன்வரிசையில் ஒருவர் கை தட்டுவார். மற்றவர்களும் தட்டுவார்கள். 'நிறைவேற்றப்பட்டது' என்று செயலர் அடுத்ததற்குப் போய்விடுவார். எனக்கு நினைவு தெரிந்து இப்படித்தான். யாரும் இதைத் தப்பு என்று நினைத்ததில்லை. கை தட்டுவது மரியாதை.

தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், கொசு மருந்து எல்லாம் தட்டியாகிவிட்டது. அதன்பின் தலைவர் எழுந்து விருந்தினர்களைக் கௌரவிக்கப்போவதாகச் சொன்னார். தட்டில் மூன்று சால்வைகள் இருந்தன. ரெகுலாவுக்கு ஒன்று. கை தட்டல். மாரெக்குக்கு ஒன்று, அவர் தோளுக்குச் சால்வை போதவில்லை, சிரிப்பும் கை தட்டலும். மூன்றாவது சால்வைக்கு ஆள் இல்லை. பின்னால் இருந்து யாரோ கத்தினார்கள்: "தலைவரே, டிரைவருக்குப் போடு!"

ஏழுமலை வேண்டாம் வேண்டாம் என்று பின்வாங்கினார். இரண்டு பேர் பிடித்து இழுத்து வந்தார்கள். தலைவரும் உற்சாகமாகப் போட்டுவிட்டார். ஏழுமலை நான்கு பக்கமும் கும்பிட்டார். ஒரே விசில். நான் உள்ளங்கை எரியத் தட்டினேன். அத்தனை மணி நேரமாக இறுகிக் கிடந்த மனசு அப்போதுதான் கொஞ்சம் இளகியிருந்தது.

அந்த விசிலுக்கு நடுவே மைக்கில் செயலரின் குரல் ஓடிக்கொண்டிருந்தது. வினோதினி தலையைத் திருப்பிக் கவனித்தாள். ரெகுலா அவளிடம் ஏதோ கேட்டார். அவள் பதில் சொன்னதும் ரெகுலா இன்னொன்று கேட்டார். வினோதினி என் காதருகே குனிந்தாள்.

"அக்கா, இப்ப வாசிச்சது, ஊராட்சிய பேரூராட்சியோட இணைக்கச் சம்மதம்னு. நிறைவேற்றப்பட்டதுன்னும் சொல்லிட்டார். இவங்க கேக்கறாங்க, எப்ப ஓட்டெடுத்தாங்கன்னு."

என் இரண்டு கையும் இன்னும் தட்டுவதற்காக ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன. பிரித்து மடியில் வைத்தேன்.

செயலர் அடுத்த தீர்மானத்துக்குப் போய்விட்டார். இதர பொருள் வரும்வரை காத்திருப்பதில் இனி அர்த்தமில்லை. காலையிலிருந்து சொல்லிப் பார்த்த வாக்கியமும் இதற்குப் பொருந்தாது. எழுந்தேன். எழுந்தது தெரியாமல் தலைவர் பற்றாளரிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

பின்னால் இருந்து அஞ்சலை, "யோவ், மெம்பரு நின்னுகினு கீது, கண்ணு தெர்ல?" என்றாள்.

மைக் சத்தம் நின்றது.

"தலைவரே," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "தலைவரே, நாங்க கை தட்டுனது சால்வைக்கு."

கூட்டம் சிரித்தது. தலைவரும் சிரித்தார். "சால்வைக்குத் தட்டுனா இன்னா, தீர்மானத்துக்குத் தட்டுனா இன்னா. சத்தம் ஒன்னுதானம்மா. குந்து."

"இல்லீங்க. பேரூராட்சில சேக்கறது எங்க காதுலயே வுழல. திரும்ப வாசிக்கச் சொல்லுங்க. சேரலாம்னு சொல்றவங்க கை தூக்கட்டும். வேணாம்னு சொல்றவங்களும் தூக்கட்டும். எண்ணுங்க."

சிரிப்பு அடங்கிவிட்டது. தலைவர் மைக்கை ஒதுக்கி மெதுவாகச் சொன்னார்: "வெளிநாட்டுக்காரங்க எதிர்ல ஊரை அசிங்கப்படுத்தாத ஸ்டெல்லா. உன்னிய எவன் தூண்டி வுட்டான்?"

நான் உட்காரவில்லை. பற்றாளர் ரெகுலாவைப் பார்த்தார். ரெகுலா சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "எண்ணிடலாம் தலைவரே, அதுல என்ன இருக்கு" என்றார் பற்றாளர்.

செயலர் திரும்ப வாசித்தார். சம்மதிப்பவர்கள் முதலில். நின்றுகொண்டிருந்த ஆண்கள் பக்கம் கைகள் சரசரவென்று எழுந்தன. தலைவரின் அண்ணன் சாமியானாவுக்கு வெளியே, எங்கள் ஊர் டீக்கடை ஓரம் பைக்கில் உட்கார்ந்தபடி கை தூக்கினார். செயலர் எண்ணி எழுதினார்.

அடுத்து வேண்டாம் என்பவர்கள். நான் தூக்கினேன். என் கை மட்டும்தான் இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேரும் தலை குனிந்திருந்தார்கள். என்னை அனுப்பியவர்கள் அவர்கள்தான். கோபம் வரவில்லை, ஏனென்றால் எனக்குத் தெரியும். ஒருத்திக்குத் தொகுப்பு வீட்டுப் பட்டியலில் பெயர் வர வேண்டும். ஒருத்தியின் கணவர் தலைவரின் அண்ணனுடைய பிளாட்டில் காவல். அஞ்சலையின் மகன் சுரேஷ் அந்த அண்ணனின் டிப்பர் லாரி ஓட்டுகிறான். கை தட்டினால் யார் தட்டினார் என்று தெரியாது. கை தூக்கினால் முகத்தோடு தெரியும். இதைப் பாலாற்று டீக்கடையில் ரெகுலாவிடம் கேட்டுக்கொண்டு வந்தவள் நானே. அப்படியிருந்தும் கை தூக்கச் சொல்லி எல்லோரையும் மாட்டிவிட்டேனே என்று அப்போதுதான் உறைத்தது.

"ஒன்னு" என்று எழுதப் போனார் செயலர்.

அஞ்சலையின் கை அசைந்தது. மெல்லக் காதுவரை வந்து, தலையில் போய் நின்றது.

செயலர் எட்டிப் பார்த்தார். "யம்மா, அது கையா, தலை சொறியிறியா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அஞ்சலை டீக்கடைப் பக்கம் ஒரு முறை பார்த்தாள். பிறகு கையை நேராகத் தூக்கினாள்.

"கைதான். எழுதிக்கோ. நல்லா தெரியற மாதிரி எழுதிக்கோ."

அவளுக்குப் பின்னால் ஒரு கை. அதற்கு இடப்பக்கம் இரண்டு. அதன்பின் எண்ண முடியாதபடி மொத்தமாக எழுந்தன. ஆண்கள் பக்கம்கூடச் சிலர் தூக்கினார்கள். ஓரமாக நின்ற ஏழுமலையும் சால்வையோடு கை தூக்கி நின்றார்.

"யோவ், நீ எந்த ஊருய்யா?" என்றார் செயலர்.

"திருப்போரூரு."

"எறக்கு கைய."

இரண்டு முறை எண்ணினார்கள். வேண்டாம் என்றவர்கள் அதிகம். பற்றாளர், சபை சம்மதிக்கவில்லை என்று எழுதச் சொன்னார். கூடவே மைக்கில், "இது உங்க ஊர் கருத்து. முடிவு மேல எடுப்பாங்க. புரிஞ்சுதா?" என்றார். புரிந்தது. தலைவர் அதன்பின் என் பக்கம் திரும்பவே இல்லை. பைக் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

மூன்று மணிக்கு அவர்களோடு கூவத்தூர் வரை வேனில் போனேன். வழியனுப்புவதற்காக என்று சொன்னேன். உண்மையில் ஊரில் இருக்கப் பயமாக இருந்தது. மாரெக், எங்கள் கூட்டத்தில் இவ்வளவு பெண்கள் வருவதில்லை என்று பலமுறை சொன்னார். ஏழுமலை சால்வையைக் கழற்றவில்லை.

வண்டி கூவத்தூர் கூட்ரோட்டில் நின்றபோது ரெகுலாவிடம் கேட்டேன்: "உங்க ஊர்ல கடைசியா இன்னா ஆச்சு?"

"முதல் தடவை நாங்கள் ஜெயித்தோம். சில வருடம் கழித்து மறுபடி வாக்கெடுத்தார்கள். சேர்ந்துவிட்டோம்." சால்வையைப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னார்: "கை தூக்குவது பெரிய விஷயம் இல்லை. மறுநாள் அதே கடையில் போய் ரொட்டி வாங்க வேண்டுமே, அதுதான்."

அவர்கள் போன பிறகு பஸ்ஸுக்காக நின்றபோது யோசித்தேன். டென்மார்க்கில் கேள்வி நேரம் இருக்கிறது, கேட்கப் போக தூரம் அதிகம். போலந்தில் பணம் ஒதுக்குகிறார்கள், வருகிறவர்கள் குறைவு. சுவிட்சர்லாந்தில் கை தூக்கினால் அது சட்டம். எங்களிடம் கூட்டத்துக்குக் குறைவில்லை, இடமும் கூப்பிடு தூரம், தூக்கிய கை மட்டும் வெறும் கருத்து. ஆனால் ரெகுலாவை ஒரு வருடம் பேசாமல் தண்டித்தார்கள். எங்கள் ஊரில் பேசாமல் இருப்பதோடு விடமாட்டார்கள். இரண்டு ஊரிலும் அங்கே குடியிருப்பவர்தான் பயப்படுகிறார். எதற்குப் பயப்படுகிறார் என்பதுதான் வேறாக இருக்கிறது. என் சிற்றறிவுக்கு எட்டிய ஒப்பீடு இவ்வளவுதான்.

மாலை ஏழு மணிக்கு அஞ்சலை வந்தாள். காலையில் பார்த்த அஞ்சலை இல்லை. உள்ளே வராமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஸ்டெல்லா, கணக்குலதான் நாம நெறைய கீறோமே. என் ஒரு கைய மட்டும் கழிச்சிட்டா தோக்கமாட்டோம் இல்ல?"

"தோக்கமாட்டோம்."

"அப்ப கழிக்கச் சொல்றியா? சுரேஷு இன்னும் வூட்டுக்கு வர்ல. போனும் எடுக்கல."

தூக்கிய கையைத் திரும்ப எடுத்துக்கொள்ள வழி இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. பயிற்சியில் சொல்லித்தரவில்லை. ரெகுலாவிடம் கேட்டிருக்கலாம், தோன்றவில்லை. உள்ளே வா, டீ போடுகிறேன் என்றேன். அவள் வரவில்லை. இருவரும் வாசலில் நின்று தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் சுரேஷ் வந்துவிட்டான். போனில் சார்ஜ் இல்லையாம். அஞ்சலை அவன் முதுகில் ஓர் அடி வைத்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை ஆறரைக்கு சுரேஷ் லாரி ஷெட்டுக்குப் போனான். எட்டு மணிக்கே திரும்பி வந்தான். டிப்பர் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்களாம்.